இரண்டாம் இறக்கம்

பத்தொன்பதாம் நாள் காலையில் யோசப்பின் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எமில்ராஜ் இன்றைக்கு நாலு வாய் கஞ்சி குடிக்க வேண்டும்.

முதல் நாள் அவள் அப்படிக் கேட்கவில்லை. மகன் எழும்பி நடக்க வேண்டும், கடலுக்குப் போக வேண்டும், கலியாணம் கட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டாள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரிப் படியில் செபமாலையோடு நின்றபோது மூச்சு முட்டியது. அவ்வளவையும் சுமந்துகொண்டு ஒவ்வொரு நாளும் அந்தப் படியேற அவளால் முடியவில்லை. அன்றிலிருந்து அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கேட்கத் தொடங்கினாள். இரவில் கிடைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்தாள்.

நித்திரை மட்டும் வரவில்லை. பத்தொன்பது நாளும் வரவில்லை.

"அம்மா, கஞ்சி அடிப்பிடிக்குது." லவீனா அடுப்படிக்குள் வந்து தாயின் கையிலிருந்த அகப்பையை வாங்கினாள். பத்தொன்பது வயது, அண்ணனைவிட ஐந்து வயது இளையவள். "நேற்று ஆண்டவரிட்டை என்ன கேட்டனீங்கள்?"

"கொண்ணன் வாயைத் திறந்து ஒரு சொல்லுக் கதைக்க வேணும் எண்டு."

"அண்ணை கதைச்சவரோ?"

"ஓம். 'போங்கோ' எண்டு சொன்னவன்."

லவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது. முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எமில்ராஜ் சுழியோடி. வடமராட்சி கிழக்குக் கடலில் சிலிண்டரோடு பதினைந்து பாகம், தொண்ணூறு அடி ஆழத்துக்கு, இறங்கிக் கடலட்டை எடுக்கிறவன். அந்த முதல் நாள் அவசரமாக மேலே வந்துவிட்டான். இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி கட்டி முள்ளந்தண்டைத் தாக்கிவிட்டது. வெளிமாவட்டத்துக்குக் கொண்டு போய் அழுத்த அறையில் வைத்து எடுத்தும் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இப்போது யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரி வாட்டின் மூலைக் கட்டிலில் கிடக்கிறான்.

படகில் அவனோடு இருந்தது தகப்பன் சூசைதாசன் ஒருவர்தான். அவரும் ஒரு காலத்தில் பேர்போன சுழியோடி.

"அந்த மனுசன் உடனே கரைக்குக் கொண்டு வந்தபடியால்தான் என்ரை பிள்ளைக்கு உயிராவது இருக்கு," என்று யோசப்பின் பார்க்க வந்த எல்லோரிடமும் சொன்னாள். அவர்கள் ஊரான குருநகரில் அவள் அதைச் சொல்லாத வீடில்லை. இரவில் ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போதும் அதைத்தான் முதலில் சொன்னாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. மத்தியானம் எமில்ராஜை முதல்தரம் எழுப்பி உட்கார வைத்துப் பார்க்கப் போகிறார்கள். இரண்டு பக்கமும் பிடித்தாவது எழும்பி இருக்கக்கூடியவனைத்தான் மறுவாழ்வு நிலையத்தில் எடுப்பார்கள். நாளைக்கு அங்கே ஒரு கட்டில் காலியாகிறது. அது போனால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. முதுகில் புண் வைக்கத் தொடங்கிவிட்டது.

எமில்ராஜ் நேற்றே சொல்லிவிட்டான். எழும்பி இருக்க மாட்டானாம்.

*

"வாங்கோ தங்கச்சி," என்றார் பக்கத்துக் கட்டில் முத்துக்குமாரு. அச்சுவேலித் தோட்டக்காரர். மோட்டார் சைக்கிளில் வந்தவருக்குக் குறுக்கே மாடு பாய்ந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தார். "கஞ்சி மணக்குது. எங்கடை வீட்டிலையிருந்து இண்டைக்கும் இடியப்பந்தான் வரும்."

"உங்களுக்கும் கொஞ்சம் வாக்கட்டோ அண்ணை?"

"முதல் தம்பிக்குக் குடுங்கோ. நேற்று ராத்திரி உவனைச் சிரிக்கப்பண்ண என்ரை மாட்டுக் கதை முழுக்கச் சொன்னனான். மாட்டுக்கு ஒரு கீறலும் இல்லை எண்டன். இவ்வளவு நாளாச்சு, ஒருக்கா வந்து என்னைப் பாத்திட்டும் போகேல்லை எண்டன். உவன் அசையேல்லை."

எமில்ராஜ் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். தாடி வளர்ந்த முகம் இருண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் சூசைதாசன் குனிந்தபடி இருந்தார். இரவெல்லாம் மகனோடு நிற்பது அவர்தான். போட்டிருந்த சேட்டு இரண்டு அளவு பெரிதாகிவிட்டது போலிருந்தது.

யோசப்பின் கஞ்சியைக் கோப்பையில் வார்த்து, கரண்டியை மகனின் வாயருகில் கொண்டு போனாள்.

"இண்டைக்கு மட்டும், மோனை. நாலு வாய்."

"நாளைக்கு வந்தும் இண்டைக்கு மட்டும் எண்டுதான் சொல்லுவீங்கள்."

"ஓம். சொல்லுவன்."

"ராத்திரி கணக்குப் பாத்தனான் அம்மா." அவன் குரல் கரகரத்தது. "அறுபது வயது மட்டும் இருப்பன் எண்டு வைச்சாலும் இன்னும் பதின்மூவாயிரம் நாள். பதின்மூவாயிரம் தரம் இண்டைக்கு மட்டும் எண்டு சொல்ல வேணும். உங்களுக்கு ஏலுமோ?"

கரண்டியிலிருந்த கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

எமில்ராஜ் தகப்பன் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அப்பா, என்னைத் திரும்ப அங்கை கொண்டு போய் விடுங்கோ. அந்த ஆழத்திலை. அங்கை கால் இல்லாட்டியும் பரவாயில்லை. விட்டிட்டு நீங்கள் மேலை வாங்கோ."

சூசைதாசன் எழுந்தார். கதிரை பின்னால் விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தாமலே வாட்டை விட்டு வெளியே போனார்.

"விசர்க் கதை கதைக்காதை எமில்," என்றாள் யோசப்பின். கை நடுங்கிக் கஞ்சி போர்வையில் சிந்தியது. "அந்த மனுசன் எப்பிடித் துடிக்குது பார். அண்டைக்கு உன்னை உடனே கரைக்குக் கொண்டு வந்து..."

"அம்மா. அதைச் சொல்லாதேங்கோ."

"ஏன்?"

"சொல்லாதேங்கோ எண்டால் சொல்லாதேங்கோ!"

அவன் போட்ட சத்தத்தில் முத்துக்குமாருவும் வாயை மூடிக்கொண்டார்.

*

சூசைதாசன் நடைபாதைக் கடைசியில், தண்ணீர்க் குழாயடியில் நின்றார். குழாய் திறந்து ஓடியது. அவர் கை கழுவவும் இல்லை. முகம் கழுவவும் இல்லை.

யோசப்பின் குழாயைப் பூட்டினாள்.

"அவன் வருத்தத்திலை கதைக்கிறான். அதைப் பெரிசா எடுக்காதேங்கோ. நீங்கள் அண்டைக்குச் செய்ததுக்கு நான் ஒவ்வொரு நாளும்..."

"இனி எனக்காக நன்றி சொல்லாதை யோசப்பின்."

"என்ன கதை இது?"

"அவன் மேலை வந்தது பதினொரு மணிக்கு இல்லை." சூசைதாசன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏழு மணிக்கு."

யோசப்பினுக்கு முதலில் விளங்கவில்லை. ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் எழுதியிருந்தது பதினொரு மணி. கரைக்கு வந்தது பதினொன்றரை. அவளே எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப நாலு மணித்தியாலம் எங்கை நிண்டனீங்கள்?"

"கடலிலைதான். பாதி நேரம் தண்ணிக்குள்ளை."

அவர் மெல்ல மெல்லச் சொன்னார். எமில்ராஜ் மேலே வந்து பத்து நிமிடத்தில் கால் விறைக்குது என்றான். சூசைதாசனுக்கு அது புதிதில்லை. இருபது வயதில் அவருக்கும் அப்படி வந்தது. அவருடைய மூத்த அண்ணன் அவரைத் திரும்ப ஆழத்துக்குக் கொண்டு போய், கட்டிப் பிடித்து வைத்திருந்து, ஆற ஆற மேலே ஏற்றினார். அன்று பின்னேரமே அவர் நடந்தார். அது அவர்களுடைய ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம். கரையில் எந்தச் சுழியோடியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

"முதல் படகிலை கிடத்தித் தைலம் தேய்ச்சன். ஒரு மணித்தியாலம் போட்டுது. பேந்து அவனுக்குச் சிலிண்டரைக் கட்டி, நானும் கட்டிக்கொண்டு இறங்கினன். எட்டுப் பாகத்திலை நங்கூரக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு அவனை மடியிலை வைச்சிருந்தன். ஒண்டரை மணித்தியாலம். சரிவந்திடும், சரிவந்திடும் எண்டு..."

"சரிவரேல்லை."

"இல்லை. மேலை ஏத்தினன். பாத்துக்கொண்டிருந்தன். இடுப்பும் விறைச்சுப் போட்டுது. பிறகுதான் இயந்திரத்தை ஸ்ராட் பண்ணினன்."

"டொக்டரிட்டை?"

"பதினொரு மணிக்குத்தான் மேலை வந்தவன், நேரை கொண்டு வந்தனான் எண்டு சொன்னன். இறக்கினது பிழை எண்டு அங்கை போய்த்தான் தெரியும். உடனே கொண்டு வந்திருந்தால் எண்டு அந்த டொக்டர் கதைக்கத் தொடங்கினவர். எனக்கு வாய் வரேல்லை."

"எமிலுக்குத் தெரியும்."

"அவனுக்கு நினைவு இருந்தது. நான்தான் அவனைக் கும்பிட்டுக் கேட்டனான். கொம்மாட்டைச் சொல்லாதை எண்டு."

நடைபாதையால் ஒரு தாதி தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனாள். யோசப்பின் சுவரோடு ஒதுங்கி அதற்கு வழி விட்டாள்.

"பத்தொன்பது நாள்," என்றாள் பிறகு. குரல் உயரவில்லை. சத்தம் போட்டிருந்தால் சூசைதாசனுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "பத்தொன்பது நாளும் முழங்காலிலை நிண்டு பொய்க்கு நன்றி சொல்லியிருக்கிறன். ஊருக்குப் பொய் சொன்னனீங்கள், சரி. டொக்டருக்குச் சொன்னனீங்கள். என்ரை செபத்துக்குள்ளையும் கொண்டு வந்து வைச்சிட்டீங்களே!"

"யோசப்பின்..."

"அந்தப் பிள்ளையின்ரை வாயைக் கட்டிப்போட்டு, அவன் சாப்பிடுறானில்லை எண்டு எனக்கு முன்னாலை அழுதனீங்கள்."

அவள் படியிறங்கத் தொடங்கினாள்.

"எங்கை போறாய்? பன்னிரண்டு மணிக்கு அவனை இருத்த வேணுமே. ரெண்டு பேர் பிடிக்க வேணும்."

"தெரியாது. பின்னாலை வராதேங்கோ."

*

வெயில் ஏறிவிட்டது. பஸ் நிலையப் பக்கம் நடந்தவள் ஏன் வழியிலிருந்த சிற்றாலயத்துக்குள் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. நிழல் இருந்தது. வரிசையாக மர வாங்குகள் இருந்தன. உட்கார்ந்தாள்.

செபமாலையை எடுத்தாள். கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கினாள். அன்றாட உணவைக் கேட்கிற இடம்வரை வாய் தானாகவே போனது. அடுத்தது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுக்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடம்.

அங்கே நின்றுவிட்டது.

திரும்பத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். அதே இடத்தில் நின்றது. மூன்றாந்தரம் அவள் முயலவில்லை. செபமாலையை மடியில் போட்டுவிட்டு, பீடத்தை நேரே பார்த்தாள்.

"எனக்கு ஏலாது," என்றாள், வாய்விட்டே. "அந்த மனுசனைப் பொறுக்க எனக்கு ஏலாது. பொறுக்க வேணும் எண்டு நினைக்கவும் ஏலாது. நாலு வாய் கஞ்சிதான் கேட்டன். அதுவும் கிடைக்கேல்லை. இனி என்னத்தைக் கேக்கிறது? உமக்குத் தெரியும் நான் எவ்வளவு தூரம் வந்தனான் எண்டு. இதுக்கு அங்காலை நடக்க எனக்குக் காலில்லை. என்ரை பிள்ளையைப் போலத்தான் நானும் கிடக்கிறன். நீரே பாத்துக்கொள்ளும். நான் களைச்சுப்போனன்."

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. மேலே மின்விசிறி சுற்றியது. முன் வாங்கில் தலையைச் சாய்த்தாள், ஒரு நிமிடத்துக்கு.

கண் விழித்தபோது தோளை யாரோ தொட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் பூச்சாடியோடு ஒரு பெண்.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கதவு பூட்ட வேணும். பதினொண்டே முக்காலாச்சு."

யோசப்பின் திடுக்கிட்டு எழுந்தாள். "நான் நித்திரையாப் போனனானோ?"

"நல்ல நித்திரை. ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை. குறட்டையும் விட்டனீங்கள்."

"ஐயோ! கோயிலுக்குள்ளையோ?"

"சுவாமியார் பிரசங்கம் வைக்கேக்கையே விடுற ஆக்கள் இருக்கினம். ஆளில்லாத நேரத்திலை விட்ட நீங்கள் பரவாயில்லை," என்றாள் அந்தப் பெண். "உங்களைச் சுத்திக் கூட்டினன். எழுப்ப மனம் வரேல்லை."

வெளிப்படியில் நின்று யோசப்பின் செருப்பை மாட்டினாள். ஒன்றும் மாறியிருக்கவில்லை. ஏழு மணி பதினொரு மணி ஆகவில்லை. சூசைதாசன் செய்தது செய்ததுதான். மகனின் கால் அப்படியேதான் கிடக்கும். கோபம்கூட அப்படியே இருந்தது; தொட்டுப் பார்த்தால் சுட்டது.

ஆனால் கை நடுங்கவில்லை. பத்தொன்பது நாளைக்குப் பிறகு உடம்பு அவளுடையதாக இருந்தது. கேட்காத ஒன்றை யாரோ கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போனது போல.

கேட்பதற்கு அவளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நடந்துகொண்டே கேட்டாள்: கால் மணித்தியாலம். அந்த மனுசனுக்குப் பக்கத்தில் கால் மணித்தியாலம் நிற்கப் பெலன் தாரும். அதற்குப் பிறகு உள்ளதைப் பிறகு கேட்கிறேன்.

*

"எமில்ராஜ், நான் இன்னும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடேல்லை." பயிற்சி கொடுக்கும் துஷாந்தினி கட்டிலடியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். கட்டையான, கெட்டியான பெண். "நீங்கள் எழும்பி இருந்தால்தான் நான் போய்ச் சாப்பிடலாம். இண்டைக்கு றால் கறி. யோசிச்சுப் பாருங்கோ."

"எனக்கு ஏலாது மிஸ்."

"ஏலாட்டி நான் ஏலப்பண்ணுவன். மனமில்லை எண்டால்தான் எனக்கு வேலையில்லை."

"மனமில்லை."

"தம்பி, அந்தப் பிள்ளையைப் பட்டினி போடாதை," என்றார் முத்துக்குமாரு. "றால் கறி ஆறினால் உதவாது."

சூசைதாசன் கட்டிலின் வலது பக்கம் நின்றார். இடது பக்கத்தில் யாருமில்லை. துஷாந்தினி மணிக்கூட்டைப் பார்த்தாள். "அம்மா எங்கை?"

சூசைதாசன் வாசலைப் பார்த்தார்.

"இஞ்சை நிக்கிறன்," என்றாள் யோசப்பின்.

வாசலிலிருந்து கட்டிலடிக்கு வந்து, மகனின் இடது பக்கம் நின்றாள். கணவனைப் பார்க்கவில்லை. எமில்ராஜ் தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா சொல்லிப்போட்டாரோ?"

"ஓம்."

"எல்லாம்?"

"எல்லாம்."

அவன் தாயின் கையைப் பிடித்தான். "அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் பிரிஞ்சு போடுவியள் எண்டு பயந்தன். வாயைத் திறந்தால் அது வந்திடும் எண்டு... சோத்துக்கும் திறக்கப் பயமாய் இருந்தது."

துஷாந்தினி கட்டிலின் சட்டத்தை இறக்கினாள்.

"கொப்பரோடை எனக்குக் கதைக்க நிறைய இருக்கு," என்றாள் யோசப்பின். "ஏசவும் இருக்கு. அதை நான் விடமாட்டன். ஆனால் இந்தக் கால் மணித்தியாலத்திலை இல்லை. இப்ப நீ எழும்பி இரு."

"விழுந்தால்?"

"விழுந்தால் விழு. நாங்கள் பிடிப்பம்."

நாங்கள் என்ற சொல் அவள் வாயிலிருந்து எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது. சூசைதாசன் தலை நிமிர்ந்தார்.

எமில்ராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு துஷாந்தினியைப் பார்த்தான். "றால் கறி எண்டது உண்மையோ மிஸ்?"

"ஆண்டவன் அறியப் பருப்பும் கத்தரிக்காயும்," என்றாள் அவள். "சரி, நேரம் போகுது. அப்பாவும் அம்மாவும் அவர்ரை முதுகுக்குப் பின்னாலை கை குடுங்கோ. உள்ளங்கையிலை பிடிச்சால் வழுக்கும். ஒராளின்ரை மணிக்கட்டை மற்ற ஆள் பிடிக்க வேணும். கெட்டியா."

சூசைதாசனின் கை மகனின் முதுகுக்குப் பின்னால் வந்து அந்தரத்தில் நின்றது. அது அவள் கைப் பக்கம் வரத் துணியவில்லை.

யோசப்பின் அந்தக் கையைப் பார்த்தாள். எட்டுப் பாகத்தில் மகனை ஒன்றரை மணித்தியாலம் பிடித்திருந்த கை. அவனைக் கெடுத்ததும் அதுதான். இரண்டையும் பிரித்தெடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

பிடித்தாள்.

அவருடைய நாடி குருவிக்குஞ்சு போல அடித்தது.

"மூண்டு சொல்ல எழுப்புறம். ஒண்டு, ரெண்டு, மூண்டு!"

எமில்ராஜ் எழுந்து வந்தான். முகம் வெளுத்தது. தலை ஒரு பக்கம் சரிந்தது. துஷாந்தினி எண்ணத் தொடங்கினாள். ஏழு எண்ண முதல் அவன் கண் செருகிப் பின்னால் விழுந்தான். இரண்டு கைகளும் அவனைத் தாங்கிக் கிடத்தின.

"காணும்," என்றான் அவன். கண்ணீர் காதுக்குள் ஓடியது. "இனிப் போதும், விடுங்கோ."

"இன்னொருக்கா," என்றாள் யோசப்பின்.

"ஏலாதம்மா."

"எனக்கும் ஏலாதுதான். இன்னொருக்கா."

இரண்டாவது தரம் பதினொன்றுவரை போனது. மூன்றாவது தரம் நாலிலேயே விழுந்தான். வாந்தி எடுத்தான். லேஞ்சித் துணியால் வாயைத் துடைத்துவிட்டு யோசப்பின் துஷாந்தினியைப் பார்த்தாள். நாலாவது தரம் துஷாந்தினி இருபதுவரை எண்ணி, நிறுத்தாமல் இருபத்தாறுவரை போனாள்.

எமில்ராஜ் இருந்தான். வளைந்து, நடுங்கி, வியர்த்து, தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் பிடிக்க இருந்தான். பத்தொன்பது நாளைக்குப் பிறகு அவன் கூரையைப் பார்க்காமல் எதிரே இருந்த யன்னலைப் பார்த்தான்.

"வெளியிலை வேப்பமரம் நிக்குதே," என்றான்.

"நான் எத்தினை தரம் சொன்னனான்," என்றார் முத்துக்குமாரு.

"நாளைக்கு மறுவாழ்வு நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு எழுதுறன்," என்றாள் துஷாந்தினி. "எடுக்கிறதும் விடுறதும் அவையின்ரை கையிலை."

*

அவனைக் கிடத்திப் போர்வையை இழுத்து விட்டபின் யோசப்பின் கணவன் பக்கம் திரும்பினாள். காலைக்குப் பிறகு அவரிடம் அவள் நேரே சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"டொக்டர் அறையிலை இருக்கிறார். வாங்கோ."

"என்னத்துக்கு?"

"ஏழு மணி எண்டு எழுதிவிக்க."

சூசைதாசன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "என்னை என்ன நினைப்பினம் யோசப்பின்?"

"நினைக்கட்டும். பொய்யை வைச்சுக்கொண்டு நான் இனி முழங்காலிலை நிக்க மாட்டன்."

வாட்டின் கடைசியில் சின்ன அறை. டொக்டர் இளம் மனிதர். தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். சூசைதாசன் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். ஏழு மணி. தைலம். திரும்ப இறங்கியது. இடையில் இரண்டு முறை மனைவியைப் பார்த்தார். யோசப்பின் உதவவில்லை, அறையை விட்டுப் போகவும் இல்லை.

டொக்டர் திட்டவில்லை. எமில்ராஜின் கோப்பைத் திறந்து பழைய நேரத்தை வெட்டிப் புதிதாக எழுதினார். பிறகு பேனையை வைக்காமலே கேட்டார்.

"எட்டுப் பாகத்திலை ஒண்டரை மணித்தியாலம் வைச்சிருந்தனீங்கள். அந்த நேரம் அவருக்கு ஏதும் வித்தியாசம் தெரிஞ்சதோ?"

"ஓம் ஐயா."

"என்ன?"

"வலக் கால் பெருவிரலை ஆட்டினவன். ரெண்டு தரம். நான் என்ரை கண்ணாலை கண்டனான். அதுக்குப் பிறகு முழங்காலையும் கொஞ்சம் மடக்கினவன். அதாலைதான் சரிவருகுது எண்டு நினைச்சு இன்னும் வைச்சிருந்தனான். மேலை வந்தாப்பிறகு எல்லாம் போட்டுது."

பேனை மேசையில் விழுந்தது.

"இதை ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேணுமே ஐயா."

டொக்டர் எழுந்தார். அந்தக் கோப்பைக் கையில் எடுத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஊசியொன்றை எடுத்தார். "கீழை விரல் ஆடினது எண்டால் நரம்பு முழுக்கச் சாகாமல் இருக்கலாம். ஆனால் நம்பிக்கை வைக்கச் சொல்லி நான் சொல்லேல்லை," என்றார் யோசப்பினிடம். "விளங்குதோ? நான் பாக்க வேணும். அவ்வளவுதான்."

அவர் ஓடவில்லை. ஆனால் யோசப்பினும் சூசைதாசனும் பின்னால் வந்து சேருமுன் எமில்ராஜின் போர்வையை விலக்கிவிட்டார்.

"கண்ணை மூடுங்கோ எமில்ராஜ். நான் தொடேக்கை எந்தக் கால் எண்டு சொல்ல வேணும். தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ. எனக்காகச் சொல்ல வேண்டாம்."

கட்டிலடியில் டொக்டரின் முதுகு எல்லாவற்றையும் மறைத்தது. ஊசி எங்கே போகிறது என்று யோசப்பினுக்குத் தெரியவில்லை. சூசைதாசனுக்கும் தெரியவில்லை. அவர் உதடு அசைவதை அவள் பார்த்தாள். படகை விட்டு இறங்கிய நாளிலிருந்து செபத்துக்கு அசையாத உதடு.

"தெரியாது," என்றான் எமில்ராஜ்.

டொக்டரின் தோள் அசைந்தது.

"தெரியாது."

டொக்டர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

எமில்ராஜின் நெற்றி சுருங்கியது. தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்கிறவன் போல அவன் தலையை ஒரு பக்கம் சரித்தான்.

"வலது," என்றான்.

டொக்டர் சரியென்றும் சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை. ஊசியை எடுத்து மற்றப் பக்கம் போனார்.